தட்டிப் பார்க்கும் கல்வி



சென்ற மாதம் கிழக்கிலிருந்து ஒரு தாயின் கடிதம் வந்தது. நான்கு பக்கம். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய மூத்த மகள் பொறியியல் படித்து முடித்தவர். இப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆய்வின் பொருள் என்ன தெரியுமா? பழுதடைந்த கொங்கிரீட் கட்டடங்களை ரோபோக்களைக் கொண்டு பரிசோதிப்பது!

அந்தத் தாய் எழுதுகிறார்: "மௌலவி, டொக்டருக்குப் படித்தால் ஊருக்கு உதவி, டீச்சருக்குப் படித்தால் பிள்ளைகளுக்கு உதவி. உடைந்த சுவரைப் பார்க்க ஒரு பொம்மை செய்வதற்கு நான்கு வருஷமா என்று என் மாமியும் மதினியும் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. மகளிடம் கேட்டால், 'வெடிப்பைக் கண்டுபிடிக்கிற வேலை உம்மா' என்கிறாள். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாதா? அதற்கு ஒரு கலாநிதிப் பட்டம் வேண்டுமா? இது பயனுள்ள கல்விதானா?"

நியாயமான கேள்வி. நானோ அறபு மத்ரஸாவில் இலக்கணம் கற்பிப்பவன். எனக்குப் பொறியியல் தெரியாது. ஆனாலும் இக்கேள்வியின் பாதிப் பதிலை எங்கள் வீட்டுக் குசினியின் மேல்தட்டு எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது. மீதியைத் தேடி வாசித்தேன். இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன்.

பூசி மறைத்த கறை

எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. குசினிக்கு மேலே உள்ள கொங்கிரீட் தட்டு மாமனார் காலத்தில் போட்டது. அதன் அடிப்பக்கத்தில், தேநீர் சிந்தியது போல ஒரு மண்ணிறக் கறை பல காலமாக இருந்தது. மகளின் நிகாஹ் நெருங்கியபோது, வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வெள்ளைப் பூச்சு வாங்கி வந்து இரண்டு தடவை பூசினேன். கறை மறைந்தது. எனக்குப் பெரிய திருப்தி.

அந்நாட்களில் தரைக்கு டைல் பதிக்க வந்த மேசன் பாஸ் அண்ணாந்து பார்த்தார். சுத்தியல் பிடியால் தட்டினார். ஓரிடத்தில் 'டிங், டிங்' என்றது. கறை இருந்த இடத்தில் 'பொத், பொத்' என்றது. "மௌலவி, இது உள்ளே விட்டுப் போச்சு. தட்டி விழுத்திப் போட்டு, கம்பியைச் சுரண்டி, திரும்பப் பூச வேணும்" என்றார். "கல்யாணம் முடியட்டும் பாஸ்" என்றேன்.

கல்யாணம் முடிந்தது. ஒன்றரை மாதம் சென்றிருக்கும். ஸுபஹுக்கு முன்னர் பெரும் சத்தம் கேட்டு ஓடினோம். ஒரு சஹன் அளவுக் கொங்கிரீட் துண்டு, என் மனைவி அன்றாடம் பலகை போட்டுக் குந்தித் தேங்காய் துருவும் இடத்தில் விழுந்து கிடந்தது. பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. இன்னும் அரைமணி நேரம் கழிந்திருந்தால் அவர் அங்கேதான் இருந்திருப்பார். அல்ஹம்துலில்லாஹ்! அன்று முதல் அந்த வெள்ளைப் பூச்சை நினைத்தால் எனக்கு வெட்கம்.

ஏன் அப்படி நடந்தது? கொங்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. சீமெந்தின் காரத்தன்மை அக்கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. ஆனால் கடற்காற்றின் உப்பும் ஈரமும் நுண்ணிய துளைகளின் வழியே மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் அந்தக் காவல் முறிந்துவிடும். துரு என்பது தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிப்பது. உள்ளே இடமில்லாமல் அது வீங்கி நெருக்க, கம்பியின் மட்டத்தில் கொங்கிரீட் ஓர் ஏடு போலப் பிரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சில வேளை ஒரு கறை மட்டும் தெரியும். எனவே, "வெடிப்பு கண்ணுக்குத் தெரியாதா?" என்று கேட்ட சகோதரிக்கு முதற் பதில் இதுதான்: ஆபத்தான வெடிப்பு பெரும்பாலும் தெரியாது.

காது கேட்டதைக் கணக்காக்கிய பெண்

பாஸின் காதுக்குத் தெரிந்தது பெரிய அறிவு. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. பழுது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அந்தக் காது சொல்லாது. ஆழத்தில் உள்ள பழுதின் ஒலி காதுக்குப் பிடிபடவும் மாட்டாது.

1980களில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மேரி சன்சலோன் என்ற பெண் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இந்தக் குறையைத்தான். அந்நாட்டு அரசின் தர நிர்ணயப் பணியகத்தைச் சேர்ந்த நிக்கொலஸ் கரினோ என்பவருடன் சேர்ந்து அவர் இம்முறையை வளர்த்தார். சிறிய உருக்குக் குண்டு ஒன்றினால் கொங்கிரீட்டை ஒரு தட்டுத் தட்டுவார்கள். அந்த அதிர்வு உள்ளே ஓடி, மறுபக்கத்தில் மோதித் திரும்பும். திரும்பத் திரும்ப இப்படி ஓடுவதை, தட்டிய இடத்துக்கு அருகில் வைத்த ஒரு கருவி பதிவு செய்யும்.

கணக்கு எளிது. நல்ல கொங்கிரீட்டில் இந்த அதிர்வு ஒரு செக்கனுக்குச் சுமார் 4,000 மீற்றர் ஓடும். 20 சென்ரிமீற்றர் தடிப்புள்ள தட்டில் போய் வர 40 சென்ரிமீற்றர். ஆகவே செக்கனுக்குச் சுமார் 10,000 தடவை போய் வரும். நடுவில் ஏடு பிரிந்திருந்தால் அதிர்வு பாதி வழியிலேயே திரும்பிவிடும். அப்போது எண் சுமார் 20,000 ஆகும். எண்ணைப் பார்த்தாலே பழுது எத்தனை சென்ரிமீற்றர் ஆழத்தில் என்று சொல்லிவிடலாம். ஒன்றையும் உடைக்கத் தேவையில்லை. 1998இல் இம்முறை அமெரிக்கப் பரிசோதனைத் தர விதிகளில் இடம்பெற்றது.

சகோதரிகளே! மேசன்மார் தட்டிப் பார்த்துச் சொன்னதை ஒரு பெண் பிள்ளை கணக்காக மாற்றிக் காட்டினார். கலாநிதிப் பட்ட ஆய்வு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கை எட்டாத இடம்

அப்படியானால் ரோபோ எதற்கு? தட்டத் தெரிந்தவரை அனுப்பினால் போதாதா?

ஜப்பானில் யமனாஷி மாகாணத்தில் ஸஸாகோ என்றொரு சுரங்கப் பாதை. மலையைக் குடைந்து நான்கரைக் கிலோமீற்றருக்கு மேல் செல்கிறது. 1977இல் திறந்தது. காற்றோட்டத்துக்காக அதன் உச்சியிலிருந்து கொங்கிரீட் பலகைகளைத் தொங்கவிட்டு ஓர் உட்கூரை அமைத்திருந்தார்கள். ஒவ்வொரு பலகையும் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரம். அவற்றைத் தாங்கிய ஆணிகளை உச்சியில் துளையிட்டு, பசை போன்ற ஒரு பிசினால் ஒட்டியிருந்தார்கள். 2012 டிசம்பர் 2ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை அந்த உட்கூரை 130 மீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்கு அப்படியே கீழே விழுந்தது. வாகனங்களில் சென்ற 9 பேர் மரணித்தனர்.

விசாரணையில் தெரிய வந்த ஒன்றைக் கேளுங்கள். அந்த உச்சி மிக உயரத்தில் இருந்ததால், அங்கிருந்த ஆணிகளைக் கிட்டப் போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் சோதனை பல ஆண்டுகளாக நடக்கவில்லை. தட்டத் தெரிந்தவர்கள் இல்லாத நாடா ஜப்பான்? சுத்தியலுக்குப் பஞ்சமா? இல்லை. உயரத்துக்குச் சாரம் கட்ட வேண்டும், பாதையை மூட வேண்டும், செலவு, நேரம். 'பிறகு பார்ப்போம்' என்று விட்டார்கள். நான் "கல்யாணம் முடியட்டும்" என்றது போலத்தான்.

அதன் பின்னர், 2014 முதல், பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஜப்பான் விதித்தது. அந்நாட்டில் பாலங்கள் மட்டும் ஏழு இலட்சத்துக்கு மேல். அத்தனைக்கும் ஆள் எங்கே? ஆகவே 2019இல் அவ்விதிகளைத் திருத்தி, ரோபோக்களையும் பறக்கும் ட்ரோன்களையும் உதவிக்குப் பயன்படுத்த வழி விட்டார்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார், பாலத்தின் தளத்தில் தானே ஊர்ந்து சென்று, சன்சலோனின் முறைப்படி தட்டியும், ராடர் அலைகளை அனுப்பியும், படம் பிடித்தும் பரிசோதிக்கும் ரோபோ ஒன்றைச் செய்திருக்கிறார்கள்.

உறைக்குள் ஒளிந்த துரு

இத்தாலியின் ஜெனோவா நகரின் கதையும் இதற்கு நெருங்கியது. ரிக்கார்டோ மொராண்டி என்ற பெயர்பெற்ற பொறியியலாளர் அமைத்த உயர்ந்த பாலம் 1967இல் திறக்கப்பட்டது. அதைத் தாங்கிய உருக்கு வடங்களைக் கொங்கிரீட் உறைக்குள் வைத்து மூடியிருந்தார். பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் உள்ளே வடம் துருப்பிடித்தால் வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்? கடற்காற்றும் தொழிற்சாலைப் புகையும் பாலத்தைத் தாக்குவதை மொராண்டியே 1979இல் எழுதினார். 1990களில் ஒரு தூணின் வடங்களை மட்டும் வெளிப்புறத்தில் புதிய வடங்கள் இட்டுப் பலப்படுத்தினார்கள். 2018 ஆகஸ்ட் 14ஆம் திகதி, மழை கொட்டிக் கொண்டிருந்த முற்பகலில், பலப்படுத்தாத தூண் ஒன்றுடன் சுமார் 200 மீற்றர் நீளம் இடிந்து விழுந்தது. 43 உயிர்கள்! விடுமுறைக்குக் குடும்பத்தோடு காரில் சென்றவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அதே இடத்தில் 2020 ஆகஸ்டில் புதிய பாலம் திறந்தார்கள். அதன் ஓரங்களில் தண்டவாளம் போட்டு, அதில் ஓடும் ரோபோக்களை வைத்திருக்கிறார்கள். பாலத்தின் அடிப்பக்கத்தை அவை படம் பிடித்துக்கொண்டே செல்லும். சென்ற தடவை எடுத்த படத்தோடு இந்தத் தடவை எடுத்ததை ஒப்பிட்டு, எது மாறியிருக்கிறது என்று கணினி காட்டும். 43 பேரை இழந்த நகரம் அந்த வேலையைப் 'பொம்மை' என்று சொல்லுமா?

மனிதன் போக முடியாத இடம்

இன்னோர் இடம் இருக்கிறது. அங்கே சாரம் கட்டினாலும் மனிதன் போக இயலாது.

2011 மார்ச் 11ஆம் திகதி நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கிய ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைத்தான் சொல்கிறேன். சுனாமி என்றால் என்ன என்று எங்கள் கரையோர மக்களுக்கு 2004 டிசம்பருக்குப் பின்னர் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே மூன்று உலைகளின் எரிபொருள் உருகிக் கீழே வழிந்தது. உள்ளே மனிதன் நுழைந்தால் கதிரியக்கம் கொன்றுவிடும். ஆனால் உள்ளே கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் துப்புரவு வேலையைத் தொடங்கவும் முடியாது.

ஆகவே ரோபோக்களை அனுப்பினார்கள். 2015 ஏப்ரலில் முதலாம் உலைக்குள் போன ஒன்று சுமார் பத்து மீற்றர் சென்று சிக்கி நின்றது. அதை அங்கேயே கைவிட்டார்கள். 2017 பெப்ரவரியில் இரண்டாம் உலைக்குள் போன 'தேள்' என்ற ரோபோவும் பாதியில் சிக்கித் திரும்பி வரவில்லை. அதே வருடம் ஜூலையில் நீந்திச் செல்லும் சிறிய ரோபோ ஒன்று மூன்றாம் உலைக்குள், உருகி உறைந்த எரிபொருள் போலத் தோன்றியதை முதன் முதலாகப் படம் பிடித்துக் கொடுத்தது.

2023 மார்ச்சில் முதலாம் உலைக்குள் நீருக்கடியில் சென்ற ரோபோ அனுப்பிய படங்கள் எல்லோரையும் திகைக்க வைத்தன. சுமார் 440 தொன் பாரமுள்ள உலைப் பாத்திரத்தைத் தாங்குவது 1.2 மீற்றர் தடிப்புள்ள வட்டமான கொங்கிரீட் சுவர். அதன் உட்புறத்தில், தரையிலிருந்து சுமார் ஒரு மீற்றர் உயரத்துக்குக் கொங்கிரீட் காணாமற் போய்க் கம்பிகள் மட்டும் எலும்பு போல நின்றன. இன்னொரு பூமியதிர்ச்சி வந்தால் அது தாங்குமா என்பதைக் கணக்கிட வேண்டிய கட்டாயம் அந்தப் படங்களுக்குப் பின்னரே தெளிவாகத் தெரிந்தது. 2024 நவம்பரில்தான் இரண்டாம் உலையிலிருந்து முதன்முதலாக, ஒரு கிராமுக்கும் குறைவான துணுக்கை எடுக்க முடிந்தது. அந்த இடத்தைத் துப்புரவாக்கும் வேலை 2051 வரை செல்லும் என்பது அவர்களின் திட்டம். அதை முடித்து வைக்கப் போகிறவர்களில் எத்தனையோ பேர் இன்று மாணவர்களாக இருப்பவர்கள்.

நான்கு வருடம் எதற்கு?

இப்போது சகோதரியின் மாமி கேட்ட கேள்விக்கு வருவோம்.

காந்தம் வைத்து ஏற்றலாம் என்றால் கொங்கிரீட்டில் காந்தம் ஒட்டாது. காற்றை உறிஞ்சிப் பிடிக்கலாம் என்றால் சொரசொரப்பான சுவரில் காற்று கசிந்து ரோபோ விழுந்துவிடும். பறக்கும் ட்ரோனை அனுப்பினால் பாலத்தின் அடியில் காற்று தூக்கி மோதும். அதன் விசிறிச் சத்தத்தில் தட்டும் ஒலி கேட்காது. படம் எடுத்தால் வெடிப்பும் சிலந்தி நூலும் நீர் வழிந்த கோடும் கணினிக்கு ஒன்று போலத் தெரியும். 0.3 மில்லிமீற்றர் வெடிப்பைக் கூட அளக்க வேண்டும். சில தலைமயிர்களின் தடிப்பு அது! பாலத்துக்கு அடியில் செய்மதி சமிக்ஞை கிடைக்காததால், தான் எங்கே நிற்கிறோம் என்பதும் ரோபோவுக்குத் தெரியாது. அடுத்த வருடம் அதே வெடிப்பைத் தேடிப் போக வேண்டுமே!

இந்தக் கேள்விகளில் ஒன்றை, அதிலும் ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டு, மூன்று நான்கு வருடம் அதோடு மல்லுக்கட்டுவதுதான் கலாநிதிப் பட்ட ஆய்வு. பழுதான பகுதி எங்கே என்று முன்கூட்டியே தெரிந்த கொங்கிரீட் தட்டுக்களை வார்த்து, அதைக் கருவி சரியாகச் சொல்கிறதா என்று நூறு தடவை பார்ப்பார்கள். தொண்ணூறு தடவை பிழைக்கும். பிழைத்ததையும் எழுதி வைக்க வேண்டும். நாங்கள் ஒரு கிதாபின் ஒரு வரியை விளங்க ஒரு மாதம் இருந்ததில்லையா? அது போல.

இது பயனுள்ள கல்விதானா என்று மௌலவியிடம் கேட்டீர்கள். மனித உயிரைக் காக்கும் தொழிலறிவை ஒரு சமூகத்தில் சிலராவது கற்றிருக்க வேண்டும், ஒருவரும் கற்காவிட்டால் அந்தக் குறை எல்லோர் மீதும் சாரும் என்றே எங்கள் உஸ்தாத்மார் கற்பித்தார்கள். குசினியில் பிளந்து கிடந்த பலகையைப் பார்த்த எனக்கு இதில் சந்தேகமில்லை.

சகோதரியே! கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் மகளின் வயதையும் வந்திருக்கும் சம்பந்தத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் பெண் பிள்ளையின் வாப்பா. ஆனால் அது வேறு கணக்கு, இந்தக் கல்வி பயனுள்ளதா என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதாதீர்கள். சம்பந்தத்தைப் பற்றி மகளிடமே கேட்டு முடிவெடுங்கள். 'அந்தப் படிப்பால் ஒரு பயனுமில்லை' என்று மட்டும் காரணம் காட்டாதீர்கள். அது உண்மையில்லை.

மகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் எப்படிப்பட்டவர்? அவரிடம் முன்னர் படித்தவர்கள் முடித்து வெளியேறினார்களா? பல்கலைக்கழகம் கட்டணத்தை விட்டு மாதப் படி தருகிறதா, எத்தனை வருடத்துக்கு? தங்குமிடம் எங்கே? உயரத்தில் ஏறும் வேலை உண்டா, அதற்குப் பாதுகாப்பு என்ன? இவற்றோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "உனக்கு அங்கே எதை நினைத்துப் பயமாக இருக்கிறது?" வீட்டில் எல்லோரும் 'எத்தனை வருஷம்' என்று கேட்டிருப்பீர்கள். இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். பிள்ளைகளையும் கிட்டப் போய் மெல்லத் தட்டிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இன்றைக்கே உங்கள் வீட்டின் மேல்தட்டு, பல்கனியின் அடிப்பக்கம், தண்ணீர்த் தாங்கியின் கீழ்ப்பகுதி, குளியலறைக்கு அருகிலுள்ள பீம் ஆகியவற்றை அண்ணாந்து பாருங்கள். மண்ணிறக் கறையோ, கம்பி ஓடும் திசையில் நீண்ட கோடோ இருந்தால் நீண்ட தடியொன்றால், சற்று விலகி நின்று மெதுவாகத் தட்டுங்கள். நேரே கீழே நிற்க வேண்டாம். 'பொத்' என்றால் பிள்ளைகளை அந்த இடத்தில் இருக்க விடாமல், தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். என்னைப் போல வெள்ளைப் பூச்சு வாங்கப் போகாதீர்கள்.

கடிதம் எழுதிய சகோதரி, மகள் பயணப்படுவதற்கு முன்னர் ஒரு நாள் அவளை உங்கள் மாமியின் வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். மாமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த வீட்டு மேல்தட்டை ஒவ்வோர் இடமாகத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல இடம் எது, விட்டுப் போன இடம் எது என்று மாமியின் காதே சொல்லிவிடும். அதன் பிறகு நான்கு வருஷம் எதற்கு என்று அவர் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.